சென்கிளேயர் வரை நடந்தே போகலாம்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வாகனங்கள் சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்கும். எல்லோரும் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள். நீர்வீழ்ச்சியைப் பார்த்ததாகக் கணக்கு. என்னைக் கேட்டால், தலவாக்கலை நகரில் இறங்கி, மேல் கொத்மலை அணையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்து வந்தவர்தான் சென்கிளேயரைப் பார்த்தவர். மூன்று கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும் நடை. எல்லாம் தார் வீதிதான், காடு மலை ஏறும் வேலை இல்லை. பிள்ளைகளை மட்டுமல்ல, அம்மம்மாவையும் அழைத்துப் போகலாம். கால் வலித்தால் கையைக் காட்டி ஏற பஸ்ஸும் ஓட்டோவும் அதே வீதியில் வந்துகொண்டே இருக்கும்.

ரயிலில் வருவது நல்லது. நானுஓயா வரை 1885இல் போட்ட பாதை இது. தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கினால் நகரம் பக்கத்திலேயே. கடைத்தெருவைத் தாண்டியதும் தண்ணீர் தெரியத் தொடங்கிவிடும். அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்தும் நானுஓயாப் பக்கத்திலிருந்தும் இறங்கிவரும் ஓயாக்களின் தண்ணீர் சேர்ந்து, கொத்மலை ஓயாவாக இங்கே தேங்கி நிற்கிறது. அணை 35.5 மீற்றர் உயரம், 180 மீற்றர் நீளம். விக்டோரியா அணையைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத்தான் தெரியும்.

ஆனால் வேலை சின்னதல்ல. இந்த இடத்தில் ஆறு இரண்டாகப் பிரிகிறது, ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது. பெரும்பங்கு நீர் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கக் கால்வாய்க்குள் நுழைந்து, தேயிலை மலைகளுக்கு அடியிலேயே ஓடி, நியம்கம்தொரையில் நிலத்தடி மின் நிலையத்துக்குப் பாய்ந்து விழுகிறது. அங்கே 150 மெகாவாட் மின்சாரம். வேலை முடிந்த நீர் திரும்பவும் கொத்மலை ஓயாவிலேயே சேர்ந்து, 1985இல் கட்டி முடித்த கீழ்க் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய், பிறகு மகாவலியாகத் திருகோணமலைக் கடல் வரை நடக்கிறது. “தண்ணி எங்க போகுது?” என்று பிள்ளை கேட்டால் சொல்வதற்கு இத்தனை இருக்கிறது.

இந்தத் திட்டம் சும்மா வந்துவிடவில்லை. நீர்வீழ்ச்சிகள் வற்றிவிடும், வீடுகள் போய்விடும் என்று மலையகத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. வருடக்கணக்கில் இழுபட்டு, ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்டு, 2012இல்தான் இயங்கத் தொடங்கியது. நகரின் ஒரு பகுதி நீருக்குள் போனது, குடும்பங்கள் வேறிடத்துக்குப் போயின. சென்கிளேயரை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, பகலில் அதற்கென்று நீர் திறந்துவிட வேண்டும் என்பது சுற்றாடல் நிபந்தனையாக விதிக்கப்பட்டது. ஆக, வறண்ட மாதங்களில் நாம் நின்று ரசிப்பது அளந்து விட்ட தண்ணீரை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. இரவில் லயத்து வீட்டிலும் கொழும்பு மாடி வீட்டிலும் எரிகிற பல்பை நினைத்தால், வருத்தத்தை முழுசாகச் சொல்லவும் வாய் வராது.

அணையைத் தாண்டி நடக்கும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகாமல், மேட்டுப் பக்கத் தேயிலையையும் பாருங்கள். செடி வரிசைகளுக்கு இடையே, சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டியிருப்பார்கள். ஓர் இடத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: கானின் அடித்தளம் ஒரே மட்டமாக இருக்காது. இடைக்கிடை ஒரு திட்டு மண்ணை வெட்டாமல் விட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் அந்தத் திட்டில் முட்டி நின்று, சுமந்து வந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு, தெளிந்ததும்தான் அடுத்த குழிக்கு வழியும். கடைசியில் பெரிய கானில் விழுந்து ஓயாவுக்கு வரும். கான் தூர்ந்துபோன மலையில் இந்த ஒழுங்கு இருக்காது. மண் நேரே நீர்த்தேக்கத்துக்கே வந்துவிடும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது, அதன் தலைமையகம் இதே தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலையை ஆராய ஒரு நிலையமே இங்கு இருந்தும், மண்வெட்டி பிடித்துக் கான் வெட்டிய தோட்டத்து ஆண்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

வளைவுகளைக் கடந்ததும் சென்கிளேயர். 80 மீற்றர் உயரம், அகலமும் தாராளம். மஹ எல, குடா எல என்று பெரிதும் சிறிதுமாக இரண்டு வீழ்ச்சிகள் சேர்ந்தது இது. பக்கத்தில் கோட்டை வடிவில் கட்டிய டீ காசலில் தேநீர் குடித்து இளைப்பாறலாம். தெம்பு மீதி இருந்தால் ஹட்டன் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, 97 மீற்றர் டெவன் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிடுங்கள். அதுவரை நடக்க வேண்டாம், பிள்ளைகள் சிணுங்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே கிளம்புங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் லொறி தெரியாது. வீதி ஒடுக்கமான இடங்களில் பிள்ளைகளை மேட்டுப் பக்கமாகப் பிடித்து நடத்துங்கள். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ பையில் இருக்கட்டும். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறவர்கள். மழை நாட்களில் வான்கதவுகள் திறக்கப்படும் என்ற அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேலே அக்கரப்பத்தனையில் பெய்த மழைக்கு, தலவாக்கலையில் வெயில் அடிக்கும்போதும் ஓயா பெருகும். அதனால் வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் அணைக்குக் கீழே ஆற்றில் குளிக்க இறங்க வேண்டாம்.