தொழில்நுட்பச் சுட்டிகள் (பங்கு வணிகம்)

தொழில்நுட்பச் சுட்டிகள் என்பன ஒரு பங்கின் கடந்தகால விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து கணிக்கப்படும் அளவைகள் ஆகும். ஒரு பங்கை எப்பொழுது வாங்குவது, எப்பொழுது விற்பது என முடிவு செய்யக் குறுங்கால வணிகர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். நிறுவனத்தின் இலாபம், கடன், சொத்து ஆகியவற்றை ஆராயும் அடிப்படைப் பகுப்பாய்விலிருந்து இம்முறை வேறுபட்டது.

தமிழ்நாட்டில் பின்னணி

சென்னைப் பங்குச் சந்தை 1937 இல் நிறுவப்பட்டது. அக்காலத்தில் செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற ஊர்களில் வாழ்ந்தோர் தரகர் வழியாகவே பங்குகளை வாங்கினர். விலைகளைப் பெரும்பாலும் மறுநாள் நாளிதழில் கண்டனர். தேசியப் பங்குச் சந்தை 1994 இல் கணினிவழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கியபின் இந்நிலை மாறியது. வட்டாரச் சந்தைகள் நலிவுற்றன. சென்னைப் பங்குச் சந்தையும் 2015 இல் மூடப்பட்டது. இன்று நொடிக்கு நொடி மாறும் விலையும் சுட்டிகளும் கைபேசியிலேயே கிடைக்கின்றன.

முக்கிய சுட்டிகள்

நகரும் சராசரி: குறிப்பிட்ட நாட்களின் இறுதி விலைகளின் சராசரி. ஒரு பங்கின் ஐந்து நாள் விலைகள் 100, 102, 101, 105, 107 ரூபாய் எனில் சராசரி 103 ஆகும். விலை சராசரியை மேல்நோக்கிக் கடப்பது வாங்கும் குறியாகக் கொள்ளப்படுகிறது.

ஒப்பு வலிமைச் சுட்டெண் (ஆர்.எஸ்.ஐ.): வெல்ஸ் வைல்டர் 1978 இல் வெளியிட்டது. வழக்கமாக 14 நாட்களின் சராசரி ஏற்றம் சராசரி இறக்கத்தால் வகுக்கப்பட்டு, 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றப்படுகிறது. ஏற்றம் 3 ரூபாய், இறக்கம் 1 ரூபாய் எனில் சுட்டெண் 75 ஆகும். 70 இற்கு மேல் மிகையாக வாங்கப்பட்ட நிலை, 30 இற்குக் கீழ் மிகையாக விற்கப்பட்ட நிலை எனப்படுகின்றன.

எம்.ஏ.சி.டி.: செரால்டு அப்பெல் உருவாக்கியது. 12 நாள், 26 நாள் அடுக்குக்குறிச் சராசரிகளின் வேறுபாட்டை அவ்வேறுபாட்டின் 9 நாள் சராசரியுடன் ஒப்பிடுகிறது.

குறைபாடுகள்

சுட்டிகள் நடந்து முடிந்த விலைகளிலிருந்தே பிறப்பதால் சந்தைக்குப் பின்தங்கியே செல்கின்றன. மேற்கண்ட பங்கின் விலை ஆறாம் நாள் 107 இலிருந்து 95 ரூபாய்க்கு வீழ்ந்தால், ஐந்து நாள் சராசரி 103 இலிருந்து 102 ஆக மட்டுமே குறையும். விலை 12 ரூபாய் இறங்கியிருக்க, சராசரி 1 ரூபாய் இறக்கத்தையே காட்டுகிறது. விலை ஒரே திசையில் செல்லாது ஏறியிறங்கும் காலத்தில் நகரும் சராசரி அடிக்கடி பொய்க்குறிகளைத் தரும். வலுவான ஏற்றத்தில் ஒப்பு வலிமைச் சுட்டெண் பல நாட்கள் 70 இற்கு மேலேயே நிற்கவும் கூடும். மேலும், இச்சுட்டிகள் பலவும் ஒரே விலைத் தரவிலிருந்து கணிக்கப்படுவதால், மூன்று சுட்டிகள் ஒன்றுபடுவது மூன்று தனிச் சான்றுகளுக்கு ஈடாகாது.

இழப்பும் செலவும்

இழப்பை வரையறுக்க ஸ்டாப் லாஸ் எனப்படும் இழப்பு நிறுத்த ஆணை பயன்படுகிறது. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 98 இல் இழப்புடனோ 104 இல் இலாபத்துடனோ விற்பதாகக் கொள்வோம். பத்து முறைகளில் நான்கு முறை வென்றால் இலாபம் 16 ரூபாய், இழப்பு 12 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். தரகு, வரி முதலிய செலவு முறைக்கு 50 காசு எனில் மொத்தச் செலவு 5 ரூபாய். முடிவில் 1 ரூபாய் நட்டமே எஞ்சும்.

இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் ரொக்கப் பிரிவில் ஒரே நாளில் வாங்கி விற்ற தனிநபர்களுள் பத்தில் ஏழு பேர் இழப்படைந்தனர். ஆண்டில் 500 இற்கும் மேற்பட்ட முறை வணிகம் செய்தோரில் இவ்விகிதம் 80 விழுக்காடாக இருந்தது. சுட்டி நுழையும் நேரத்தை ஒழுங்குபடுத்த உதவலாம்; எத்தனை முறை நுழைவது, எவ்வளவு இழக்கத் துணிவது என்பன வணிகரே முடிவு செய்ய வேண்டியவை.

இவற்றையும் பார்க்க

பங்குச் சந்தை
அடிப்படைப் பகுப்பாய்வு
தேசியப் பங்குச் சந்தை