டெல்லி முகட்டில் ஒரு களாப்புதர்

டெல்லியில் ஏது மலை என்பவர்கள், டெல்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கிடக்கும் பாறை முகட்டைக் கவனித்திருக்க மாட்டார்கள். ‘ரிட்ஜ்’ எனப்படும் இது ஆரவல்லித் தொடரின் வடகோடி. இதன் குவார்ட்சைட் பாறைகளுக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். இமயமலை எழும்பியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். பிரிட்டிஷார் நட்ட சீமைக்கருவேலம் இன்று முகடெங்கும் பரவிவிட்டது. அதற்கிடையிலும் பிழைத்திருக்கும் மண்ணின் புதர்களில் ஒன்று, நம் ஊர்க் கரடுகளில் வளரும் அதே சிறுகளா. தாவரவியல் பெயர் கரிசா ஸ்பைனாரம்.

பூத்திருந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். கொத்துக் கொத்தாக ஐந்திதழ் வெள்ளைப் பூக்கள், மல்லிகையை ஒத்த வாசம். பூவில்லாத நாளில் கிளையைப் பார்க்க வேண்டும். தடித்துப் பளபளக்கும் இலைகள் எதிரெதிராக இருக்கும். முட்கள் நேராக நீண்டிருக்கும். சிலவற்றின் நுனி இரண்டாகக் கவைத்திருக்கும். இலையைக் கிள்ளினால் பால் கசியும். பக்கத்திலேயே வளரும் காட்டிலந்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அதன் இலைகள் மாறிமாறி அமைந்தவை, அடிப்புறம் வெளுத்த ரோமம், ஜோடி முட்களில் ஒன்று வளைந்திருக்கும், பாலும் வராது.

பால் வந்தால் விஷம் என்ற பொது நம்பிக்கை இங்கே உதவாது. பலாவிலும் சப்போட்டாவிலும் பால் உண்டு. ஆனால் அந்த அச்சம் காரணமில்லாததும் அல்ல. களா, அரளியும் எருக்கும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அம்புகளுக்கு நஞ்சு தந்த அக்கோகாந்தெராவும் இதே குடும்பம்தான். எதிர் இலை, மணக்கும் பூ, கருநீலப் பழம் என எல்லாம் களாவைப் போலவே இருப்பதால், அதன் ஓர் இனத்துக்கு முதலில் கரிசா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதயத்தைத் தாக்கும் ஊவாபெயின் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. களாவுக்கு உள்ள முள் மட்டும் அதற்குக் கிடையாது.

ஆகவே ஒற்றை அடையாளத்தை நம்பிப் பழத்தை வாயில் போடக் கூடாது. முள், எதிர் இலை, பால், பூ நான்கும் பொருந்த வேண்டும். பழமும் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். காயாகக் கடித்தால் பால் உதட்டில் ஒட்டும், புளிப்பு பல்லைக் கூசவைக்கும். அதையும் வீணாக்காமல் ஊறுகாய் போடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, டெல்லியிலும் உண்டு.