ஒரே ஊர், மூன்று மாவட்டம்: ‘எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் கவர்னன்ஸ்’ என்றால் என்ன?

நைனார்பாளையத்தில் 1990-ல் பிறந்து, இன்றுவரை அதே தெருவில் குடியிருக்கும் ஒருவர் இதுவரை மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார். பிறந்தபோது தென்னாற்காடு. 1993 செப்டம்பர் 30-ல் அது பிரிக்கப்பட்டதும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை.

அவருக்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. “இப்ப கள்ளக்குறிச்சிங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். கம்ப்யூட்டர்களுக்குத்தான் சிக்கல்.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பட்டா, பள்ளி மாணவர் விவரம், பயிர்க் காப்பீடு, வங்கிக் கணக்கு என எல்லாவற்றிலும் ‘மாவட்டம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்த மென்பொருள்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்களால் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் மாவட்டப் பட்டியலைத் தனித்தனியாக டைப் செய்து வைத்திருந்தால், புது மாவட்டம் பிறக்கும் நாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்றில் ‘விழுப்புரம்’ என்றே நின்றுவிட்டால் போச்சு. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் சரிபார்க்கும்போது ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்று வரும். விண்ணப்பித்தவர் ஜெராக்ஸ் கட்டோடு தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டியதுதான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ‘லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி’ என்ற பொதுப் பட்டியலை வைத்திருக்கிறது. மாவட்டம், வட்டம், ஊராட்சி, கிராமம் என ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண். எல்லா மென்பொருளும் இந்த எண்ணையே எடுத்துக்கொண்டால், திருத்தத்தை ஓர் இடத்தில் செய்தால் போதும்.

சரி, எல்லோரும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொல்வது? எடுக்காத மென்பொருளை யார் நிறுத்துவது? இந்தக் கேள்விக்கான ஏற்பாட்டின் பெயர்தான் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் கவர்னன்ஸ்.

வரைபடம் மட்டும் போதுமா?

ஒரு பெரிய நிறுவனத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, அவற்றுக்கு எந்தெந்த மென்பொருள், எந்தத் தரவு யாருக்குச் சொந்தம், எது எதோடு பேசுகிறது என்பதற்கான முழு வரைபடமே எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர். 1987-ல் ஜான் ஸாக்மன் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையை இந்தத் துறையின் தொடக்கம் என்பார்கள். 1995-ல் ‘டோகாஃப்’ என்ற வழிமுறை வந்தது. இன்று ஐடி கம்பெனிகளில் அதற்குச் சான்றிதழ் தேர்வே இருக்கிறது.

வரைபடம் போடுவது சுலபம். அதன்படி கட்ட வைப்பதுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு தர மாட்டார்கள். பிளானை மதிக்காதவரும் கரண்ட் வேண்டும் என்றால் அந்தச் சான்றுக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் எப்படியும் கடந்தாக வேண்டிய வாசலில் விதியைக் கட்டியிருக்கிறார்கள்.

கம்பெனிக்குள்ளும் இதே கதைதான். மாதம் ஒருமுறை கூடி ‘ஆர்கிடெக்சர் ரிவ்யூ போர்டு’ என்று ஒரு கமிட்டி உட்கார்ந்தால் மட்டும் எதுவும் மாறாது. அவசரம் என்று சொல்லி புராஜெக்ட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே நடக்கும் வேலைகளுக்குள், அதாவது பட்ஜெட் கேட்கும்போது, டெண்டர் விடும்போது, டிசைன் முடிந்ததும், நேரலைக்குப் போகும் முன்பு, அந்தக் கேள்விகளை நுழைக்க வேண்டும். இதேபோன்ற மென்பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா? ஊழியர், வாடிக்கையாளர், ஊர்ப் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? நாளைக்கு இந்த வெண்டரை விட்டு விலகினால் தரவு நம் கைக்கு வருமா?

பதில் இல்லையென்றால் பணம் வெளியே போகக் கூடாது. பல் இருப்பது இந்த ஒரு வரிக்குத்தான்.

விதிவிலக்கே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. தீபாவளி விற்பனைக்கு முன்னால் ஒரு செயலி வந்தே ஆக வேண்டும் என்றால் விடலாம். ஆனால் அந்த விலக்கு எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்திட்டவர் பெயர் இருக்க வேண்டும், முடியும் தேதியும் இருக்க வேண்டும். தேதி இல்லாத விலக்குகள்தான் பத்து வருஷம் கழித்து யாரும் தொட பயப்படும் ‘பழைய சிஸ்டம்’ ஆகின்றன.

இந்தியன் வங்கியில் என்ன நடந்தது?

2019 ஆகஸ்ட் 30-ல் 10 பொதுத்துறை வங்கிகளை 4 ஆக்கும் அறிவிப்பை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்டார். எந்த வங்கி எதோடு சேரும் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, இரண்டும் ஒரே கோர் பேங்கிங் மென்பொருளில் ஓடுவது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அலகாபாத் வங்கியும் ‘பேங்க்ஸ்’ மென்பொருளில் இருந்தன.

சட்டப்படி இணைப்பு 2020 ஏப்ரல் 1-ல் முடிந்தது. கணினி இணைப்பு முடிய 2021 பிப்ரவரி ஆனது. ஒரே மென்பொருளாக இருந்தும் இத்தனை மாதம்! அலகாபாத் வங்கிக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண்களும் மாறின. மென்பொருள் ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருக்கும் எண்கள், திட்டங்கள், விதிகள் ஒன்றல்லவே.

கேட்காத கேள்விக்கு அபராதம்

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களைப் புது கணினி அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றியது. தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. அமைப்புதான் தாங்கவில்லை. ஆன்லைன், செயலி, கிளை எல்லாம் திணறின. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன. 2023-ல் அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கே தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்ட் அபராதம். அமைப்பை நடத்தப்போகும் நிறுவனமும் அதன் துணை ஒப்பந்ததாரர்களும் உண்மையிலேயே தயாரா என்று போதிய உறுதியைப் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டு. ‘ரெடி’ என்று வந்த பதிலோடு நிற்காமல், ஆதாரத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அரசு ஒரு கம்பெனியா?

அளவில் எந்தக் கம்பெனியையும் விடப் பெரியது. நிலம் வாங்கியவருக்குத் தெரியும்: பத்திரம் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில், உட்பிரிவு செய்ய வேண்டுமென்றால் நில அளவைத் துறை. பதிவுத் துறையின் ‘ஸ்டார் 2.0’ மென்பொருள் 2018 பிப்ரவரியில் வந்தது. வருவாய்த் துறையிடம் இருப்பது ‘தமிழ்நிலம்’. பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கான விவரம் இணையவழியே வருவாய்த் துறைக்குப் போகிறது. ஆனால் அங்கே சர்வே எண்ணும் கிராமப் பெயரும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் வேலை ஓடும். நைனார்பாளையத்துக்காரர் கையில் வைத்திருக்கும் 1992 பத்திரத்தில் மாவட்டம் தென்னாற்காடு. 2015 பத்திரத்தில் விழுப்புரம். இனி வாங்கினால் கள்ளக்குறிச்சி. மூன்றும் ஒரே ஊர்தான் என்று இணைத்துச் சொல்ல ஓர் எண் வேண்டும்.

அரசுத் துறைகளுக்கென்றே மத்திய மின்னணு அமைச்சகம் 2018-ல் ‘இண்ட்இஏ’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதற்கு முன்பே ஆந்திரம் ‘இ-பிரகதி’ என்ற பெயரில் மாநில அளவில் முயன்றது. வழிகாட்டி நன்றாகவே இருக்கிறது. ஆனால் துறைகள் விடும் டெண்டரில் அது கட்டாய நிபந்தனையாக வரும்வரை அது அலமாரியில் இருக்கும் இன்னொரு பிடிஎஃப்தான்.

கடைசிப் பெரிய கணக்கெடுப்பான 2011-ல் நைனார்பாளையம் விழுப்புரம் மாவட்டக் கணக்கில் வந்தது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, மாவட்டம், வட்டம், கிராம எல்லைகளில் செய்ய வேண்டிய மாற்றங்களை 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துவிடும்படி மாநிலங்களுக்குக் கெடு வைத்தார்கள். ஐடி கம்பெனிகளில் இதையே ‘சேஞ்ச் ஃப்ரீஸ்’ என்பார்கள்.