கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும்

பயன் தீர்ந்த ஒரு பொருள் என்னவாகும் என்பது அது செய்யப்படும் வேளையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இதற்குச் சான்றுகள் உள. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி நிகழ்ந்த யப்பானியத் தாக்குதலுக்கும் பின்னர் சூழ்ந்த காட்டுக்கும் தப்பிய இவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்த 2022இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. உருக்குத் தகடு திருத்தத்தக்கது. திருத்த இயலாதவிடத்து உருக்கத்தக்கது.

ஆயினும் ஈண்டு நாம் விரித்து நோக்க விழைவது கடற்றொழிலாளரின் கலங்களையே. கட்டுமரம் இலேசான மரங்களை அடுக்கிக் கயிற்றாற் பிணைத்தது. கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களை உலரவிடுவர். ஒரு மரம் பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றுவர்; கழிந்தது விறகாகும். ஐரோப்பிய மொழிகளுட் புகுந்த இச்சொல் அங்கே தன் 'கட்டினை' இழந்துவிட்டது. இன்று அப்பெயர் தாங்கும் ஈருடற் படகுகளுட் பல கட்டப்படுவனவல்ல, வார்க்கப்படுவன.

கண்ணாடியிழைப் படகும் வார்க்கப்படுவதே. இதனை விரும்பி ஏற்ற தொழிலாளரைக் குறைகூறுவது பழைமை மோகமேயாகும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டி விரைவாகவும் தொலைவாகவும் செல்லக் கட்டுமரம் இடந்தராது. படகுக்கென மரம் வெட்டுவதும் குறைந்தது. ஆனால் இறுகிய பொலியெஸ்டர் பிசின் மீண்டும் உருகாது; அதனுட் பதிந்த இழையைப் பிரித்தெடுத்தலும் எளிதன்று. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மட்காது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலைக்குப் பின் இத்தகைய படகுகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. எத்தனை படகு கொடுத்தோம் எனக் கணக்கிட்டோர் பலர். அவை முதுமையடையும் நாளை எண்ணியோர் சிலரே. வார்த்து விற்றவரின் பொறுப்பு விற்பனையோடு முடிகின்றது. எச்சமோ தொழிலாளியின் கரைவலைப் பாட்டில் கிடக்கின்றது.

ஜேர்மனியில் இவ்வகைக் கழிவு சீமெந்துச் சூளையிற் பயன்படுகின்றது. பிசின் எரிபொருளாகும், கண்ணாடியிலுள்ள சிலிக்கா சீமெந்தின் மூலப்பொருளாகும். திருகோணமலையிலும் சீமெந்து ஆலை உண்டு. எனினும் அது வெளியிலிருந்து வரும் கிளிங்கரை அரைப்பது. சூளை மேற்குக் கரையிலுள்ள புத்தளத்திலேயே உள்ளது. உடைந்த படகு பருமனிற் பெரிது, எடையிற் சிறிது. அதை முழுமையாக ஏற்றிச் செல்லுதல் கட்டுப்படியாகாது. எனவே இறங்குதுறையை அமைக்கும்போதே படகை அறுத்துத் துண்டாக்கத் தூசு பரவாத ஓரிடம் ஒதுக்கப்படல் வேண்டும். இருக்கைப் பலகை, மிதவை நுரை, உலோகப் பூட்டுகள் ஆகியவற்றைப் பிசினால் ஒட்டாது, கழற்றக்கூடிய ஆணிகளாற் பொருத்துதல் வார்ப்போரின் கடமை. அறுப்புச் செலவை விற்பனை விலையிலேயே சேர்த்து, கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் வைத்தால், கடனில் வாங்கிய படகை அப்புறப்படுத்தத் தொழிலாளி மீண்டும் கடன்பட நேராது.