மூன்று கோணங்கள் சொன்ன விதி

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்திலேயே அந்தக் கணக்கு வந்துவிடும். இரண்டு மின்னூட்டங்களைப் பெருக்கி, இடைத்தொலைவின் இருமடியால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் தொலைவின் இருமடி என்று எப்படித் தெரிந்தது? விடை 1785-இல், பாரிஸில், ஒரு வெள்ளிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சார்ல் கூலூம் பிரெஞ்சுப் படையின் பொறியாளர். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டியவர். திசைகாட்டி ஊசியை இழையில் தொங்கவிட்டுச் செம்மைப்படுத்த முயன்றவர், முறுக்கிய இழையின் குணத்தை நுணுகி ஆராய்ந்தார். மெல்லிய கம்பியை இரு மடங்கு கோணத்துக்குத் திருகினால் அது இரு மடங்கு எதிர்க்கிறது. அப்படியானால் கோணத்தைப் படித்தே விசையைச் சொல்லிவிடலாமே! இப்படிப் பிறந்ததுதான் முறுக்குத் தராசு.

தலைமுடியினும் மெல்லிய வெள்ளிக் கம்பி, ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம். அதன் அடியில் அரக்குப் பூசிய கிடைக்கோல். கோலின் நுனியில் நெட்டிப் பந்து. காற்று அசைக்காதபடி எல்லாம் கண்ணாடிக்குள். அந்தக் கம்பியை முழுச் சுற்று முறுக்கவே, கோலின் நுனியில் ஒரு மில்லிகிராம் எடைக்கும் குறைவான விசை போதும்.

இந்தப் பந்தை ஒட்டினாற்போல் அசையாத இன்னொரு நெட்டிப் பந்து. மின்னேற்றிய குண்டூசித் தலையால் தொட்டதும் இரண்டும் மின்னூட்டத்தைப் பகிர்ந்துகொண்டு விலகின. எவ்வளவு மின்னூட்டம்? கூலூமுக்குத் தெரியாது. அதை அளக்க அன்று ஓர் அலகே இல்லை. தெரியத் தேவையும் இல்லை என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு: மின்னூட்டம் மாறாதிருந்தால் போதும், தொலைவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

கோல் 36 பாகை விலகி நின்றது; கம்பியின் முறுக்கும் அதே 36. மேலேயுள்ள திருகை 126 பாகை திருப்பிப் பந்துகளை நெருக்கினார். இடைவெளி 18 பாகையானது. கம்பியில் ஏறிய மொத்த முறுக்கு 126-உம் 18-உம் சேர்ந்து 144. அதாவது தொலைவு பாதி, விசை நான்கு மடங்கு! அடுத்து 567 பாகை வரை திருப்பினார். இடைவெளி எட்டரை, மொத்த முறுக்கு 575½. முதல் விசையைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு.

சரியாகக் கால்பங்கு என்றால் 9 பாகை வந்திருக்க வேண்டும். மின்னூட்டம் காற்றிலும் தாங்கிகளிலும் மெல்லக் கசியும் என்பதைக் கூலூம் அறிந்திருந்தார். கசியும் வேகத்தைத் தனியே கவனித்துவைத்து, மூன்று அளவீடுகளையும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு இந்த இரண்டு நிமிடம்தான் தராசைவிடப் பெரிய வியப்பு. (இங்கிலாந்தில் ஹென்றி கேவென்டிஷ் பத்தாண்டுக்கு முன்பே வேறு வழியில் இதே விதியை எட்டியிருந்தார், வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளை 1879-இல்தான் அச்சேற்றினார்.)

பிற்காலத்தில் மின்னூட்டத்தின் அலகுக்கே கூலூம் என்று பெயர் வைத்தார்கள். அது எவ்வளவு பெரிய அலகு என்பது கணக்குப் போட்டால்தான் புரியும். ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலூம் வீதம் இரண்டு மின்னூட்டங்களை வைத்தால் விலக்குவிசை 900 கோடி நியூட்டன். பாரத்தோடு சேர்த்து 20 டன் வரும் ஏறக்குறைய 46 ஆயிரம் லாரிகளின் எடை. அதனால்தான் பாடப்புத்தகக் கணக்குகளில் மைக்ரோகூலூம், அதாவது கூலூமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வருகிறது. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு மைக்ரோகூலூம் வீதம் இரண்டு மின்னூட்டங்கள் என்றால் விசை 0.9 நியூட்டன். ஏறக்குறைய 90 கிராம் எடை, கைக்குப் புலப்படும் அளவு.

இத்தனைக்கும், 3 கிராம் செம்பின் அணுக்கருக்களில் மட்டும் சுமார் 1.3 லட்சம் கூலூம் நேர்மின்னூட்டம் இருக்கிறது. அதே அளவு எதிர்மின்னூட்டம் எலக்ட்ரான்களாக அதைச் சுற்றியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. இந்தச் சமநிலையில் கோடானுகோடியில் ஒரு துளி பிசகியபோது எழுந்த விசையைத்தான் கூலூமின் கம்பி அளந்தது.