சிறுவிடைக் கோழி

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறுவிடைக் கோழி. தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம் போன்ற சிற்றூர்களிலும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் வைக்கோற்போரைக் கிளறித் திரியும் சிற்றுருவ நாட்டுக்கோழி அது.

பெட்டையின் எடை 1.5 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழியோ 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அப்படியாயின் சிறுவிடையை எதற்காகப் போற்ற வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் சிறுவிடை முட்டையிடுவதை நிறுத்தி அடையில் அமர்கிறது. 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, வாரக்கணக்கில் அவற்றை மேய்க்கிறது. வானில் பருந்து வட்டமிட்டதும் அது குரலெழுப்புவதையும், குஞ்சுகள் ஓடிவந்து சிறகடியில் ஒடுங்குவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிந்திய தானியம், புழு, கறையான் ஆகியவற்றைத் தானே தேடி உண்கிறது. பண்ணைக் கோழியிடம், முட்டை குறைகிறதென்று அடைக்குணத்தையே மனிதர் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டனர். அது பெருக வேண்டுமானால் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வேண்டும். சிறுவிடைக்கோ ஒரு கூடையும் சிறிது வைக்கோலும் போதும்.

இக்குணங்கள் காட்டின் கொடை. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே என்று 1868ஆம் ஆண்டில் டார்வின் எழுதினார். ஆயினும், கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினர். அப்பறவை குற்றாலத்தை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு உரியது. உலகெங்கும் உள்ள மஞ்சட்கால் கோழிகளில் நம் காட்டுப் பறவையின் உறவு கலந்திருக்கிறது என்பது வியப்பன்றோ!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெயிலையும் பசியையும் தாங்கும் இக்கோழி எல்லா நோயையும் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. ராணிக்கேட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரு தெருவின் கோழிகள் அனைத்தும் சில நாட்களில் மடியக்கூடும். முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணில் விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலடியில் போடும் ஊசியும் அதைத் தடுக்கும்.

மற்றோர் இடர் ஓசையின்றி வருவது. மிகுதியான முட்டையை விரும்பி அயலினச் சேவலை ஊரில் விட்டால், கலப்பில் அடைக்குணம் தேய்ந்துபோகலாம். ஓரினத்தின் மதிப்பை அறிய முட்டையின் கணக்கு மட்டும் போதாது. யாருடைய உதவியுமின்றி அடுத்த தலைமுறையை அது உருவாக்குமா என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் சிறுவிடை இருந்தால், அதற்குத் தடுப்பு மருந்து கொடுக்கச் செய்யுங்கள். அதன் இனத்துச் சேவல் ஒன்றையும் உடன் வளர்த்து வாருங்கள்.