சார்ல்ஸ்டன் துறைமுகமும் உமர் இப்னு ஸஈதும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனில் 2023 ஜூன் மாதம் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் கட்டடம் தரையில் அமரவில்லை. பதினெட்டுத் தூண்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. கீழே உள்ள நிலம் பழைய கேட்ஸ்டன் துறை. அடிமைக் கப்பல்கள் யாவும் இத்துறையிலேயே சரக்கிறக்க வேண்டுமென 1806இல் நகர மன்றம் விதித்தது. சரக்கு என்றது மனிதர்களை. அம்மண்ணின் மீது கட்டடம் அமரலாகாது என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். தூண்களின் அருகே நீர் பரவி வடியும் ஒரு தளத்தில், நெருக்கிப் படுக்கவைக்கப்பட்ட மனித உருவங்களின் கோட்டு வடிவங்கள் பதிக்கப்பட்டுள்ளன. 1788இல் பிரிட்டனில் வெளியான 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடத்தை அவை நினைவூட்டுகின்றன.

தென் கரோலினா தான் மூடிவைத்திருந்த அடிமை இறக்குமதியை 1803இன் இறுதியில் மீண்டும் திறந்துவிட்டது. 1808 ஜனவரி முதல் நாள் கூட்டாட்சித் தடை வருமுன் இயன்ற மட்டும் மனிதர்களை வாங்கிக் குவித்துவிட வேண்டும் என்னும் அவசரமே வணிகரிடம் இருந்தது. அந்த நான்காண்டுகளில் சுமார் 40,000 பேர் இறக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உமர் இப்னு ஸஈத்.

செனகல் ஆற்றங்கரைப் பகுதியான ஃபூட்டா தோரோவில் 1770ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த அவர், இருபத்தைந்து ஆண்டுகள் உஸ்தாதுகளிடம் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் சிறைப்பட்டுச் சார்ல்ஸ்டனில் விற்கப்பட்டார். மேற்கண்ட விதியின்படி அவர் கால் வைத்த இடமும் கேட்ஸ்டன் துறையாகவே இருந்திருக்க வேண்டும். கொடிய எசமானனிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவின் ஃபயட்வில்லில் சிறையிலடைக்கப்பட்டார். பின்னர் ஜேம்ஸ் ஓவன் என்பவரின் உடைமையானார்.

1831இல் அவர் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாயிருந்த ஒருவர் அரபியில் எழுதியவற்றுள் இன்று எஞ்சியுள்ள தன்வரலாறு இஃதொன்றே என்பர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை 2017இல் பெற்று, 2019இல் அனைவரும் இணையத்தில் காணச் செய்தது. தாம் பயின்ற மொழியில் பெரும்பகுதியை மறந்துவிட்டதாக அதில் அவர் மன்னிப்புக் கோருகிறார். பிழைகள் உண்டுதான். மாணவர் ஏடுகளைத் திருத்திப் பழகிய என் கை, இந்த ஏட்டின் முன் எழவில்லை.

தம் கதையைத் தொடங்குமுன் அவர் எழுதியது அல்முல்க் அத்தியாயம். மரணத் தறுவாயிலும் ஹாஃபிழ்களின் நாவில் நிற்கும் அத்தியாயம் அது. ஆகவே நினைவில் எஞ்சியதை எழுதினார் என்று கொள்வோரும் உளர். எனினும் மூல எழுத்துகளை நோக்குக. மீம், லாம், காஃப். ஆட்சியைக் குறிக்கும் 'முல்க்', உடைமையாளனைக் குறிக்கும் 'மாலிக்', உடைமையாக்கப்பட்டவனை, அதாவது அடிமையைக் குறிக்கும் 'மம்லூக்' யாவும் இம்மூலத்திலிருந்தே பிறக்கின்றன. விலைக்கு வாங்கப்பட்ட ஓர் ஆலிம், முல்க் அனைத்தும் அல்லாஹ்வின் கையிலேயே உள்ளது என்று தொடங்கும் அத்தியாயத்தைத் தம் வரலாற்றின் வாசலில் வைத்தது தற்செயல் என நான் கருதவில்லை.

சார்ல்ஸ்டன் நகர மன்றம் 2018 ஜூன் 19ஆம் நாள் அடிமை வணிகத்தில் தன் பங்கிற்காக மன்னிப்புக் கோரியது. தீர்மானத்திற்கு ஆதரவாக எழுவர், எதிராக ஐவர். அந்த ஐவர் என்னும் எண்ணையும் மறைக்காமல் கூறுவதே நேர்மை. நாமும் இதைப் படித்துப் பிறரை மட்டும் குறைகூறி அமைய இயலாது. ஸஹாரா பாலைவழியாகவும் இந்துமாக்கடல் வழியாகவும் ஆப்பிரிக்கரை விற்றோருள் முஸ்லிம் வணிகர் பலர் இருந்தனர். சன்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. அதுவரை அங்கே ஆண்டவர்கள் சுல்தான்கள். அடிமையை விடுதலை செய்வதைக் குற்றப் பரிகாரமாக்கிய மார்க்கம் நம்முடையது என்று மேடைகளில் முழங்குவோர், இந்த ஏட்டையும் புரட்ட வேண்டும்.

உமரின் சமயம் குறித்த வாதம் இன்றும் ஓயவில்லை. 1820களின் தொடக்கத்தில் அவர் தேவாலயத்தில் சேர்க்கப்பட்டார். அரபு பைபிள் ஒன்றும் அவரிடம் இருந்தது. எசமானர் வட்டத்தினர் அவரை மனம் மாறிய கிறிஸ்தவராகவே காட்டினர். அவர் உள்ளம் அல்லாஹ்வுக்கே வெளிச்சம். 1865இல் சட்டத் திருத்தம் அடிமைமுறையை ஒழிக்குமுன் அவர் அடிமையாகவே இறந்தார். அவர் எழுதியவற்றுள் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த தாள் ஒன்று உண்டு. அதன் பின்புறத்தில், இது அரபியில் எழுதப்பட்ட கர்த்தரின் ஜெபம் என்று ஆங்கிலத்தில் யாரோ குறித்துள்ளார். முன்புறத்தில் உள்ளது அந்நஸ்ர் அத்தியாயம்.